இடைவேளையில் கேட்ட பூவாக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்தது ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை. கல்யாணமாகி தேவாலாவுக்கு வந்து, பிள்ளைகளைப் பெற்று, மூத்தவள் என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கும்வரை யோசித்திருக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை வருமே என்ற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. பந்து விளையாட்டில் ஒரு பையனை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று மாரியம்மனிடம் போய்க் கேட்டோம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அந்தப் பாவம் எழுதினவளுக்குத்தானே. இந்த ஆடி வெள்ளியன்று விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு அவளும் சிரித்துத்தான் இருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சேரம்பாடிப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைனில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்து காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் லைனிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அது மார்க் வாங்கிக் கிடைத்த இடம் இல்லை. நன்றாகப் பந்து ஆடுகிற பையன் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அணியில் இருக்கிறவரை ஃபீஸ் கிடையாது. அணியிலிருந்து எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போகும், சலுகை போனால் படிப்பும் போகும். இது எங்கள் வீட்டு அடுப்படியில் குளிர் காய்கிற பூனைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

காலேஜுக்கு என்று சொந்தமாக மைதானம் கிடையாது. மலையில் அவ்வளவு சமதரைக்கு எங்கே போவார்கள். அதனால் எங்கள் எஸ்டேட் கிரவுண்டில்தான் ஆடுவார்கள். கிரவுண்டைச் சுற்றி மூன்று பக்கமும் சதுப்பு, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். நாலாவது பக்கம் தேயிலை மேடு. மேட்டு உச்சியில் மாரியம்மன் கோயில், அதற்குப் பின்னால் எங்கள் லைன். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மேடுதான் இடம். கணுக்காலில் அட்டைக்கு உப்பைத் தடவிக்கொண்டு, தலைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு சந்தில் உட்கார்ந்துவிடுவோம். மேட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் காலேஜின் உள்ளே போய்ப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அது எங்கள் அணி. அது தோற்றால் அன்றைக்கு லைனில் யாருக்கும் சோறு இறங்காது.

அந்த வருடம் சோறு இறங்காத நாட்கள் நிறைய.

மாமா நடுவில் ஆடுகிறவர். பின்னாலிருந்து வருகிற பந்து அவர் காலுக்குத்தான் வரும். இடது பக்கம் ஓடுகிறவனுக்குக் கொடுப்பதா, வலது பக்கமா, தலைக்கு மேலே தூக்கி முன்னால் போடுவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்னால் இருக்கிறவன் கோல் போட்டால் அவன் பெயர். பந்து பறிபோனால் மாமா பெயர். அந்த வருடம் மாமா பெயரே மேடு முழுவதும் கேட்டது. பந்து காலுக்கு வந்ததும் அவர் ஒரு நொடி நிற்பார். அந்த நொடியில் மேட்டிலிருந்து ஐம்பது பேர் ஐம்பது வழி சொல்வார்கள்.

"எடது, எடது குடு."

"டேய், பின்னால ஆளு வர்றான்."

"தூக்கிப் போடுறா, என்ன வேடிக்க பாக்கற."

மாமா எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். இடது பக்கம் திரும்புவார், வலது பக்கம் திரும்புவார். அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் வந்து காலடியில் வைத்த பொருளை எடுத்துக்கொள்வதுபோலப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இந்தக் கூட்டத்தில் யாருடைய குரல் பெரிது என்றால், சந்தேகமில்லாமல் என் அப்பாவின் குரல்தான். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. "மாப்ள, வலதுல காலியா இருக்குதுடா" என்று அவர் கத்தினால் கோயில் மணி லேசாக அதிரும் என்று பூசாரி சொல்வார். அவருக்கு அடுத்த குரல் டீக்கடைச் சேட்டனுடையது. அவர் வயநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைன் முனையில் கடை போட்டவர். மாமாவை எடுத்துவிட வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் அவர்தான்.

"எடோ, இவன் நம்ம ஆளோ அவங்க ஆளோ?" என்று அப்பாவிடமே கேட்பார். "பாஸ் எல்லாம் கரெக்டா அவங்க காலுக்கு எத்திக்கறான். போஸ்ட்மேன் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லு."

அப்பா வேறு பக்கம் திரும்பிக் கோச்சைத் திட்டுவார்.

கோச் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லியாக, கழுத்தில் மஃப்ளர், கையில் குடை. ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மாமாவை மாற்றவும் மாட்டார். எங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "மழைக்கு ஒதுங்குன ஆள யாரோ கோச்சுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்று அப்பா சொல்லுவார், மேடே சிரிக்கும்.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போதும் ஆட்டம் முடியாது. அப்பா டம்ளர்களை எடுத்து அணியாக நிறுத்துவார். உப்பு ஜாடிதான் மாமா. "இங்க பாரு மாப்ள, நீ இங்க நிக்கற. இவன் இப்பிடி ஓடறான். உனக்கு இந்தச் சந்து தெரியலியா?" என்று டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். மாமா உப்பு ஜாடியையே பார்த்துக்கொண்டு, "தெரியுது மச்சான்" என்பார். அம்மா வந்து ஒரு டம்ளரை எடுத்து ரசத்தை ஊற்றி அப்பா முன்னால் வைப்பாள். "ஏனுங்க, உங்க கோல்கீப்பர நான் எடுத்துட்டேன். எல்லாரும் மொதல்ல சாப்புடுங்க."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் மாமாவின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

தொடர்ந்து நாலாவது ஆட்டமும் தோற்ற அன்று மேட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கீழே இறங்கிப் போய்க் கோச் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா என்னைத் தோளில் உட்கார்த்தி வைத்திருந்ததால் நான் எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்தேன். சேட்டன்தான் பேச்சை ஆரம்பித்தார். நடு ஆளை மாற்றியே ஆக வேண்டும், மாற்றாவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு ஓர் ஆள் வர மாட்டோம் என்றார்.

கோச் சார் குடையை மடக்கினார். "பையன் ஆடுவானுங்க. நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோணும்" என்றார்.

"எவ்வளவு பொறுக்கறது சார்?"

"நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. சரி, யார் சொன்னாக் கேப்பீங்க?"

அப்பா சட்டென்று, "அம்மன் சொன்னாக் கேப்போமுங்க" என்றார்.

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கோச் சாரும் பார்த்தார். அவரும் சாமிக்குப் பயந்தவர். ஆட்டம் தொடங்குமுன் மேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போடாமல் விசில் ஊத விடமாட்டார். "அப்ப கேட்டுட்டு வாங்க. அவங்க சொல்றபடி நான் செய்றேனுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

பூவாக்கு கேட்பது எங்களில் வழக்கம். பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எது என்று தெரியாமல் ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கேள்வியைச் சொல்லிக் கும்பிட்டபின் ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அப்பீல் கிடையாது.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று அம்மா அன்று ராத்திரி கேட்டாள். "அட, நீ வேற. அம்மன் நம்ம பையன விட்டுக் குடுத்துருவாளா? எடுத்துடலாமான்னு கேட்டு செவப்புப் பூ ஒண்ணு வந்துட்டா சேட்டன் வாயும் மூடும், ஊரு வாயும் மூடும்" என்றார் அப்பா. அம்மன் தன் கட்சி என்று அவர் நினைத்துவிட்டார். கேள்விப்படாத கதையா இது. நாம் எல்லாரும் அப்படித்தானே அவள் முன்னால் போய் நிற்கிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்துவிட்டது. லைனில் என் வயதில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் வேறு வீட்டுப் பிள்ளை எடுத்தால் யாராவது சொல்லிக்கொடுத்ததாகப் பேச்சு வரும், சொந்த வீட்டுப் பிள்ளையே எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்று பூசாரி என்னையே கூப்பிட்டார். அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, பாவாடை கட்டிவிட்டிருந்தாள். கேள்வியைச் சேட்டன் சொன்னார். "அம்மே, பந்து ஆடற டீமிலிருந்து இந்தப் பையனை எடுத்துடலாமா?"

நான் எடுத்தேன். பூசாரி நூலைப் பிரித்தார். வெள்ளை.

வெள்ளை என்றால் நல்லது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் துள்ளிக் குதித்து மாமாவைப் பார்த்தேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  ஜெயித்த சேட்டன்கூட, "இனி சாயா குடிக்க வாங்க எல்லாரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, யாரும் வராததால் தானே இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் டம்ளர்கள் அணிவகுக்கவில்லை. மாமா காலேஜ் புத்தகங்களைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தார். ஃபேக்டரியில் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கேட்காதவர்போல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் சார் ஒரு பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இறக்க மாட்டேன், ஆனால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரட்டும், அம்மன் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லையே என்று. அம்மாதான் மாமாவின் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

ஆட்டத்தன்று ஒரு நெட்டைப் பையன் மாமாவின் இடத்தில் இறங்கினான். நல்ல வேகம். பந்து வந்தால் ஒரு நொடிகூட நிற்க மாட்டான். முதல் தடவை பந்து வந்ததும் மேடு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். இருவரைத் தாண்டினான், மூவரைத் தாண்டினான், கோட்டையும் தாண்டிச் சதுப்புக்குள் போய் இறங்கினான். அவனை இழுத்துக் கரையில் போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அடுத்த தடவையும் ஓடினான். கூட ஆடுகிற பத்துப் பேர் கை தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றார்கள். அவனுக்கு மற்றவர்கள் கிரவுண்டில் இருப்பதே தெரியாதது போலிருந்தது. முதல் பாதி முடிவதற்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம்.

"எந்தா இது," என்றார் சேட்டன். "மற்றவன் லெட்டரையாவது எங்கேயோ கொண்டு கொடுத்தான். இவன் லெட்டரோட ஓடிப் போறான்."

இடைவேளை விசில் ஊதினதும் மேடு முழுவதும் ஒரே குரல். மாமாவை இறக்கு. கோச் சார் கீழேயிருந்து இரண்டு கையையும் விரித்து, பிறகு ஒரு கையால் மேலே கோயிலைக் காட்டினார். அம்மன் எடுக்கச் சொன்ன ஆளை அவர் எப்படி இறக்குவார்.

முதலில் எழுந்து ஓடினவர் சேட்டன். அவர் பின்னால் எல்லாரும். அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே ஏறினார். சன்னதிக்குப் போகுமுன் குளித்தாக வேண்டுமே. லைன் குழாயடியில் என்னை நிறுத்தி, போட்டிருந்த சொக்காயோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். அந்தக் குளிர் இன்றைக்கும் எனக்கு முதுகுத்தண்டில் இருக்கிறது. பல் தந்தியடிக்க, சொட்டச் சொட்ட என்னைக் கொண்டுபோய்ப் பூசாரி முன்னால் நிறுத்தினார்கள்.

பூசாரியும் அதுவரை மேட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்தான். ஆனால் கோயிலுக்குள் வந்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

"கேட்டதத் திருப்பிக் கேக்கக் கூடாது. அம்மன் என்ன உங்க டீக்கடையா? சக்கரை பத்தலைன்னு டம்ளரத் திருப்பி நீட்டறதுக்கு."

"ஸ்வாமி, மூணு கோல்," என்றார் சேட்டன்.

"முப்பது கோல் விழட்டும். குடுத்த வாக்கு குடுத்ததுதான். வேற ஏதாச்சும் கேக்கறதுன்னாக் கேளுங்க."

வேறு என்ன கேட்பது. கோச்சை மாற்றலாமா என்று கேட்கலாம் என்றான் ஒருவன். நெட்டையனை உட்கார வைக்கலாமா என்று கேட்போம், அவன் உட்கார்ந்தால் தானாக இவன் இறங்கிவிடுவான் என்றான் இன்னொருவன். அது பழைய கேள்விக்குச் சட்டை மாற்றிப் போட்டதுதான் என்று பூசாரி தள்ளிவிட்டார். கீழே ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிரவுண்டுக்குத் திரும்புவது தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

 அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர் அன்று கேட்ட கேள்வி பக்கத்தில் நின்ற எனக்கும் பூசாரிக்கும் மட்டும்தான் முதலில் கேட்டது.

"தாயே, அந்தப் பையன் காலேஜ்லயே இருந்து படிச்சு முடிக்கட்டுமா?"

பூசாரி தலையாட்டினார். "இது வேற கேள்விதான்" என்றார். கேள்வியை எல்லாருக்கும் உரக்கச் சொன்னார்.  அவர் திரைக்குப் பின்னால் போய் இரண்டு வெற்றிலையில் பூ மடித்துக்கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்தார்.  கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை.

எனக்கு அப்பாமேல் கோபம்தான் வந்தது. அவ்வளவு தண்ணீரை என் தலையில் ஊற்றிக் கூட்டிவந்துவிட்டு, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனிதர் என்று. சேட்டனும் அதையேதான் கேட்டார். "அது சரி, அப்ப மேட்ச்?"

அப்பா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "ஏனுங்க சேட்டா, காலேஜ்ல இருக்கோணும்னா டீம்ல இருக்கோணும். டீம்ல இருக்கோணும்னா கிரவுண்டுல எறங்கோணும். இதுகூட அம்மனுக்குத் தெரியாதா? அன்னைக்கு எடுன்னு சொன்னா, எடுத்தாச்சு. பாதி ஆட்டம் ஒக்காந்தாச்சு. இன்னைக்கு இருன்னு சொல்லிட்டா."

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள்.  அவர் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்து அப்பா கையில் வைத்தார். "போயி அவன் நெத்தியில வெச்சுடுங்க. ஓடுங்க, விசில் ஊதப் போறான்" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் அவர்தான் ஓடினார்.

மாமா இறங்கியபோது அவர் நெற்றியில் இருந்த குங்குமம் மழைத்தூறலில் மூக்கு வரை வழிந்திருந்தது. நாங்கள் மேட்டில் எங்கள் எங்கள் சந்துகளில் உட்கார்ந்து தொண்டையைச் செருமித் தயாரானோம். அவ்வளவுதான், மூடுபனி வந்துவிட்டது. எங்கள் ஊரில் அது சொல்லிக்கொண்டு வராது. கோயிலுக்குப் பின்னாலிருந்து இறங்கி, தேயிலை மேட்டின்மேல் கம்பளிபோல உட்கார்ந்துகொண்டது. பக்கத்துச் செடி தெரியவில்லை. அப்பாவின் தோளில் இருந்த எனக்கு அப்பாவின் தலை மட்டும்தான் தெரிந்தது. பள்ளத்தில் இருந்த கிரவுண்டில் மட்டும் அது இறங்கவில்லையாம். இரண்டு கோல் கம்பமும் தெரிகிறது, ஆட்டம் உண்டு என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆடுகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கலாமென்றால் ஆட்டம் நடக்கும்போது மேட்டடியில் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள், மற்ற மூன்று பக்கமும் சதுப்பு.

பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இடது கொடு, வலது கொடு என்று யார் சொல்வது. சேட்டன் ஒரு தடவை பழக்கத்தில் "டேய்" என்று ஆரம்பித்து, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"எந்தா நடக்குது?"

"சும்மா இருங்க சேட்டா. விசிலாச்சும் கேக்கட்டும்."

மேட்டில் ஒரு குரல் இல்லை. பந்தை உதைக்கிற சத்தம் மட்டும் தொப், தொப் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நீண்ட விசில். கீழே கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற எஸ்டேட் வாட்ச்மேனிடம் அப்பா கத்திக் கேட்டார். "யாரு கோலுங்க அது?"

வாட்ச்மேன் அவசரப்படாத மனிதர். "நம்மளதுதானுங்க" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "உங்க மச்சினன் தூக்கிப் போட்டானுங்க. முன்னால நின்னவன் தலையில முட்டுனானுங்க."

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியாமல் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசில். "அதுவும் நம்மளதுதானுங்க. அதுவும் அவன் குடுத்ததுதான்." அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் அந்த மூன்றாவது விசில் வரவே இல்லை. ஆட்டம் முடிகிற விசில்தான் வந்தது.

மூன்றுக்கு இரண்டு. தோற்றுத்தான் போனோம். ஆனால் மேட்டிலிருந்து இறங்கின ஒருவர் முகத்திலும் தோற்ற களை இல்லை. சேட்டன் கடையில் எல்லாருக்கும் சாயா போட்டார். பார்க்காத இரண்டு கோலையும் ஒவ்வொருவரும் பார்த்ததுபோல விவரித்துக்கொண்டிருந்தார்கள். கோச் சார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். "அடுத்த ஆட்டமும் இவன்தானுங்க நடுவுல" என்றார். சேட்டன் அவருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

அன்று ராத்திரி அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா சந்தோஷத்தில் மறுபடியும் டம்ளர்களை எடுத்து அடுக்கினார். "சொல்லு மாப்ள. பார்க்கக் குடுத்து வெக்கல. எப்பிடிப் போட்ட அந்தப் பந்த?"

மாமா எலும்பைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "என்னமோ தெரியல மச்சான். இன்னைக்குத்தான் எனக்குப் பந்து சத்தம் கேட்டுச்சு. பின்னால எவன் ஓடி வர்றான்னு காலடிகூடக் கேட்டுச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் யாரையும் குறை சொல்லத் தெரியாதவர். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கும் கேட்டுச்சு மாமா, தொப்பு தொப்புன்னு" என்றேன் நான். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். மற்ற டம்ளர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குக்குள் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

மாமா அந்தக் காலேஜிலேயே இருந்து படித்து முடித்தார். இப்போது சமவெளியில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருக்கிறார், அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார். அவர் படித்து முடிக்கும்வரை நடந்த எல்லா ஆட்டத்துக்கும் அப்பா வந்தார். மேட்டில் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் ஆட்டம் தொடங்கினதும் கழுத்திலிருந்த மஃப்ளரை எடுத்து, வாயைச் சேர்த்து இறுக்கித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வார். பந்து மாமா காலுக்கு வரும்போது மஃப்ளருக்குள் அவர் தாடை அசையும். கையில் கிடைத்த தேயிலைக் கிளையைப் பிடித்து முறுக்குவார். பக்கத்தில் யாராவது கத்த வாயெடுத்தால் அவர்கள் தொடையில் ஒரு தட்டு. நாளடைவில் சேட்டனும் வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி வந்திருக்கிறதே என்று நினைத்தேன். ஓர் ஆட்டத்தன்று அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். "இதக் கடவாயில வெச்சுக்குங்கப்பா, வலி போயிரும்" என்று நீட்டினேன். அப்பா மஃப்ளரை ஓரமாக விலக்கி, அந்தக் கிராம்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு மறுபடியும் முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

இதைப் படித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சொல்லும்போது தயவுசெய்து உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அம்மன் மகிமையைக் கூட்டிச் சொல்வதாக நினைத்து அந்த மூன்றாவது கோலை யாரும் போட்டுவிட வேண்டாம். அன்றைக்கு நாங்கள் தோற்றோம். அப்படியே சொல்லுங்கள்.